என் வாயால் போன சேதி

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அடி அண்ணாமலையில் நிலத்தை நம்பிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் மூன்று பிள்ளைகள். நான் மூத்தவள், அடுத்து தம்பி, கடைசியில் தங்கை. சர்க்கார் வேலை கிடைத்த கொஞ்ச நாளில் எனக்குக் கல்யாணம் ஆகி, டவுனில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஆரம்பப் பள்ளி வாத்தியார்.

அப்போது நம்பரைச் சுழற்றிப் பேசுகிற போன் எங்கள் ஊருக்கு வரவில்லை. வீட்டில் ஒருவர் போனின் கைப்பிடியைச் சுற்றினால், எக்ஸ்சேஞ்சில் எங்கள் போர்டில் அவர் எண்ணுக்கு நேராக ஒரு சின்னத் தகடு டக்கென்று விழும். நான் அதன் கீழிருக்கும் ஓட்டையில் ஒயர்க் கயிற்றைச் சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பேன். அவர் எண்ணைச் சொன்னதும் இன்னொரு கயிற்றை அந்த எண்ணில் சொருகினால் இருவரும் பேசலாம். வெளியூர் என்றால் டிரங்க் கால். பெங்களூரிலிருந்து ஒரு கால் வருகிறது என்றால் வேலூர் வழியாக எங்களிடம் வரும். பேச்சு சரியாகத் தொடங்கிவிட்டதா என்று கொஞ்ச நேரம் காதில் வைத்துப் பார்ப்பது எங்கள் வேலை. லைன் மோசமாக இருந்து ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்கவில்லையென்றால், நடுவில் இருக்கும் எங்களுக்கு இரண்டு பக்கமும் ஓரளவு கேட்கும். அப்போது அவர் சொல்வதை இவருக்கும், இவர் சொல்வதை அவருக்கும் நாங்களே திருப்பிச் சொல்லுவோம். எத்தனையோ பிரசவச் செய்தியும் சாவுச் செய்தியும் அப்படி என் வாய் வழியாகப் போயிருக்கின்றன. சொல்லிவிட்டு அடுத்த தகட்டைப் பார்ப்பேன். அதற்கென்று ஒரு குரல் எனக்கு அமைந்துவிட்டிருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

தம்பி பெங்களூரில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அவசரத்துக்கு என்று அவன் முதலாளியிடம் கொடுத்திருந்தது, தேரடித் தெருப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த பாய் வீட்டு நம்பர். எங்கள் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் விளைந்த மல்லாட்டையை விற்கப் போடுவது அவர் மண்டியில்தான். அதனால் பாதி ஊருக்கு அந்த நம்பர்தான் சொந்த நம்பர் மாதிரி.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள். மத்தியான சாப்பாடு முடிந்து போர்டில் உட்கார்ந்திருந்தேன். வேலூர் ஆபரேட்டர் கூப்பிட்டு, பெங்களூர் கால், மண்டி பாய் நம்பருக்கு, அர்ஜென்ட் என்றார். சொருகினேன். பாய் எடுத்தார். பெங்களூரிலிருந்து ஒரு ஆண் குரல் பேசத் தொடங்கியது. கரகரவென்று ஒரே இரைச்சல். பாய், "கேக்கல, கேக்கல, யாருங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல நடுவில் புகுந்து, நான் திருப்பிச் சொல்கிறேன், நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள் என்று பெங்களூர்க்காரரிடம் சொன்னேன்.

அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். நான் திருப்பிச் சொன்னேன்.

"அடி அண்ணாமலை, கிணத்துமேட்டு வீடு."

"அடி அண்ணாமலை, கிணத்துமேட்டு வீடு" என்றேன். அது எங்கள் வீடு. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் நிஜம்.

"அவங்க பையன் காலைல சைக்கிள்ல வரும்போது லாரி அடிச்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உயிர் போயிடுச்சு."

அதையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல், அந்தக் குரலிலேயே சொன்னேன். பாய், "யா அல்லா" என்றார். பிறகு, யார் பையன், மறுபடி சொல்லச் சொல்லு என்றார். நான் பெங்களூர்க்காரரிடம் கேட்டு மறுபடி சொன்னேன். தம்பி பெயரையும் சொன்னேன்.

கடைசியாகப் பெங்களூர்க்காரர் சொன்னார்: "அந்தப் பையனோட அக்கா அங்க டெலிபோன் ஆபீஸ்ல வேலை செய்யுதாம். அந்தப் பொண்ணுக்கு போன்ல சொல்லிடாதீங்க. நேர்ல போய் பக்குவமா சொல்லுங்க."

அதையும் பாய்க்குச் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு போன்ல சொல்லிடாதீங்க. நேர்ல போய் பக்குவமா சொல்லுங்க."

பாய் மெதுவாக, "அம்மா, நீ யாரும்மா பேசறது?" என்றார்.

"மூணு நிமிஷம் முடிஞ்சிடுச்சு. இன்னும் பேசறீங்களா, வெச்சிடலாமா?" என்றேன்.

அவர் வைத்துவிட்டார். நான் கயிறுகளைப் பிடுங்கினேன். அடுத்த தகடு விழுந்தது. சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்றேன். ஒரு அரிசி ஆலைக்காரருக்கு போளூர் லைன் கேட்டுக் கொடுத்தேன். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல, எழுதிக்கொண்டேன். பாய் சைக்கிள் ரிக்‌ஷாவில் எக்ஸ்சேஞ்சுக்கே வந்து, வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வரைக்கும் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் என்னை வெளியே அழைத்துப் போனார். பாய் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன், "தெரியும் பாய்" என்று.

பாய், எங்கள் வாடகை வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆள் அனுப்பி, என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு, தானே அடி அண்ணாமலைக்குப் போய் அப்பாவிடம் சொன்னார். செய்தி பாய்க்கு வந்தது, பாய் வந்து எல்லோருக்கும் சொன்னார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பாய் வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறைக்க நினைத்து அல்ல. அதைச் சொல்லலாம் என்கிற நினைப்பே எனக்குள் இல்லை. யாரோ ஒருவருக்குப் போன டிரங்க் கால் மாதிரி அது எங்கோ தனியாகக் கிடந்தது.

தம்பியை வேனில் கொண்டுவந்தார்கள். நான் அழவில்லை. வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லு மனசு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும்போது அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கைதானா அது என்று பார்த்தேன். கருமாதி முடிந்து வேலைக்குப் போனேன். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, போர்டில் ஒரு தகடு விழுந்தது. கயிற்றை எடுத்தேன். வாய் திறக்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் ஹெட்செட்டுக்குள் கேட்பதுபோல் இருந்தது. விரல் நுனியெல்லாம் சில்லிட்டு, மூச்சு மேலே ஏறிக்கொண்டே போனது, கீழே இறங்கவில்லை. சாகப்போகிறேன் என்று நினைத்தேன். ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டு வெளியே ஓடினேன். டாக்டர் நெஞ்சைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை, ரத்தம் கம்மியாக இருக்கிறது, ஓய்வு எடுங்கள் என்றார். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். மறுவாரம் மறுபடி வந்தது. அப்புறம் அதற்குப் போர்டு தேவைப்படவில்லை. சுவிட்சைத் தட்டும் சத்தம், டப்பா மூடும் சத்தம், கதவுத் தாழ்ப்பாள், எது டக்கென்றாலும் எழுந்து தெருவுக்கு ஓடினேன். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

அடி அண்ணாமலையில் இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. வயசுப் பையன், அடிபட்டு செத்தவன், அக்காமேல் பாசம் ஜாஸ்தி, அதனால் அவளைப் பிடித்துக்கொண்டான் என்றார்கள். அம்மாவும் நம்பினாள். நம்பியதில் அவளுக்கு ஒரு ஆறுதலும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மகன் எங்கும் போய்விடவில்லை, என்னிடம் இருக்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் பூசாரி முன்னால் என்னை உட்காரவைத்து, தலையை அவிழ்த்துவிட்டு, உடுக்கை அடித்தார்கள். வேப்பிலைக் கொத்தால் தோளிலும் முதுகிலும் அடித்துக்கொண்டே பூசாரி, "யாரு நீ, சொல்லு. யாரு வந்திருக்கறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

என் வாய் திறந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

உடுக்கை நின்றுவிட்டது. சுற்றி நின்ற கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பூசாரி கையில் வேப்பிலையோடு அப்படியே நின்றார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பயம். பெற்ற மகளைப் பார்த்து அவள் பயந்தது அன்றுதான். அவளைவிட எனக்குத்தான் அந்தக் குரல் அதிர்ச்சி. பேய் வந்திருந்தால்கூட நான் அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் தலைமுடியை முடிந்து, கையைப் பிடித்து எழுப்பி அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இது எப்படியோ மண்டிவரைக்கும் போயிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"வாத்தியாரே, இந்தப் புள்ளைக்கு இப்படி ஆனதுக்கு நான்தாங்க காரணம். கேக்கல கேக்கலன்னு திரும்பத் திரும்பச் சொல்ல வெச்சேன்."

என் வீட்டுக்காரர், "என்ன சொல்ல வெச்சீங்க?" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். இவருக்குத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தார். பிறகு அந்த டிரங்க் கால் விஷயத்தை முழுவதுமாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தார். முகம் வெளுத்துவிட்டது. ஒரே வீட்டில் இத்தனை மாதம் கூடவே இருந்தவள், இதைச் சொல்லவில்லை. அவர் என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான்.

பாய் அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொன்னார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார்.

"எங்க சின்ன மருமவ, கொழந்தை பொறந்த அப்புறம் அழுதுகிட்டே இருந்துச்சு. புள்ளையத் தொடல. ஓதிப் பாத்தோம், தாயத்து கட்டினோம். ஊர்ல கேட்டவங்களுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்குதுன்னு சொன்னோம். அம்மா வீட்ல இல்லீங்க. வேலூர்ல மனசுக்குப் பாக்கற ஆஸ்பத்திரில இருந்துச்சு. இப்ப நீங்களே பாக்கறீங்களே, நல்லாதானே இருக்குது. நீங்க ஒரு வாட்டி இட்டுகினு போங்க."

அந்த மருமகளை எனக்குத் தெரியும். கடைத்தெருவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவள். அவள் அங்கே இருந்தாள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

வேலூர் என்றதும் எனக்கு வந்த முதல் நினைப்பு கரண்ட். தலையில் கரண்ட் வைப்பார்கள், மூளை மழுங்கிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்பாவுக்கு வேறு பயம். வீட்டில் இன்னும் ஒரு பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள், அக்கா பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று தெரிந்தால் யார் எடுப்பார்கள் என்றார். என் வீட்டுக்காரர் எதிர்த்துப் பேசாதவர். அன்று மட்டும், "நான் கூட்டிக்கிட்டுப் போறேன் மாமா. அவ எனக்குப் பொண்டாட்டி" என்றார். கண்ணாடி போடப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். போளூர் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

கம்பிக் கதவும் சங்கிலியும் எதிர்பார்த்துப் போனவளுக்கு மரங்களும் வரிசை வீடுகளும்தான் கண்ணில் பட்டன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியோடு குடும்பமும் தங்கவேண்டும் என்பது அங்கே வழக்கமாம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். கரண்ட் வைப்பீர்களா என்று நான் கேட்டதற்குச் சிரிக்கவில்லை. உங்களுக்கு அது தேவையே இல்லை, மாத்திரையும் கம்மியாகப் போதும் என்றார். வாரம் ஒரு முறை வந்து ஒரு அம்மாவிடம் பேசவேண்டும் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

அந்த அம்மா டாக்டர் இல்லை. மனசைப் பற்றிப் படித்தவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். நான் நடுங்கிக்கொண்டே உட்கார, "பயப்படாண்டாம்" என்றார். அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. பயப்பட வேண்டாம் என்கிறார் என்று புரிவதற்குள் கொஞ்சம் நடுக்கம் நின்றது.

முதல் நாள் அவர் தம்பியைப் பற்றிக் கேட்கவே இல்லை. அது வரும்போது உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது, அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஓடுவேன் என்றேன். ஓடினால் நிற்கிறதா என்றார். நிற்கும், ஆனால் மறுநாள் இன்னும் சீக்கிரம் வரும் என்றேன். அவர் தலையாட்டினார். மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக, நீளமாக விடச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று பார்க்கவேண்டும். அறையில் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களின் பெயரை மனசுக்குள் சொல்லவேண்டும். அவ்வளவுதான். அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில், "மூச்சு விடறதுக்கா இவ்ளோ தூரம் வேலூருக்கு வந்தோம்?" என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். தம்பி போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் சிரித்துக் கேட்டதில்லை.

ஆனாலும் செய்தேன். அடுத்த தடவைகளில் அவர் இன்னும் கொஞ்சம் சொன்னார். பால் பொங்கி வரும்போது அடுப்பை அணைத்தால் அடங்குகிறது இல்லையா, இது அணைக்காமலே அடங்கும், ஓடாமல் நின்று பாருங்கள் என்றார். அதைப் பழக ஒரு வேலையும் கொடுத்தார். தினமும் மாலை என் வீட்டுக்காரர் பவுடர் டப்பாவின் மூடியை டக்கென்று தரையில் போடவேண்டும். முதலில் சொல்லிவிட்டுப் போடவேண்டும், பிறகு சொல்லாமல். நான் எழுந்து ஓடக்கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த வாத்தியார் சட்டையைக்கூட மாற்றாமல் மூடியோடு உட்காருவார். முதல் நாட்களில் என் ரவிக்கை முழுக்க வியர்த்துவிடும். நின்று பார்த்தேன். அந்த அம்மா சொன்னது உண்மை. மேலே ஏறியது, ஒரு இடத்தில் நின்றது, தானாக இறங்கியது. யாரும் ஒன்றும் செய்யாமல் அது இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட திகைப்பை எப்படிச் சொல்வது? இத்தனை நாள் இதற்காகவா தெருவில் ஓடினேன் என்று இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள்தான் அவர் அந்த டிரங்க் காலைப் பற்றிக் கேட்டார். என்ன நடந்தது என்று சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன். முடித்ததும் அவர், "இப்போ எந்தக் குரல்ல சொன்னீங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"போர்டுல பேசுற குரல்லதான் சொன்னீங்க. அன்னைக்கு அந்தக் குரல் உங்களைத் தாங்கிப் பிடிச்சிருக்கு. அது தப்பில்லை. இப்போ வீட்ல தம்பிகிட்ட பேசின குரல்ல சொல்லிப் பாருங்க."

"அடி அண்ணாமலை, கிணத்துமேட்டு வீடு" என்று தொடங்கினேன். அதற்குமேல் போகமுடியவில்லை. எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, மாடு கத்துவதுபோல. வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து ஓடிவந்தாராம். உள்ளே விடவில்லை. நான் அழுது முடியும்வரை அந்த அம்மா என்னைத் தொடவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தார். ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய சாவுக்கு நான் அன்றுதான் அழுதேன்.

இதற்கிடையில் அப்பா பயந்தது நடந்துவிட்டது. ஊர்க்காரர் ஒருவர் நாங்கள் அந்த ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்குவதைப் பார்த்திருக்கிறார். தங்கைக்கு ஏறக்குறைய முடிவாகியிருந்த செங்கம் பக்கத்துச் சம்பந்தம், தாம்பூலம் மாற்றவேண்டிய வாரத்தில் நின்றுபோனது. காரணத்தை அவர்கள் மறைக்கக்கூட இல்லை. அப்பா எங்கள் வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே வராமல், "நீ மூச்சு விடறதுக்கு உன் தங்கச்சி வாழ்க்கை போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நான் வேலூருக்குப் போவதை நிறுத்தினேன். இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாவது வாரம் தங்கை தானே பஸ் ஏறி வந்தாள்.

"அக்கா, நீ போ. இதுக்கே ஓடறவங்க வீட்ல வாக்கப்பட்டிருந்தா நானும் ஒரு நாள் வேலூர் போயிருப்பேன்" என்றாள். அவள் குரல் உடைந்துதான் இருந்தது. மனசார அந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். பிற்பாடு அவளுக்கு நல்ல இடம் அமைந்தது. ஆனாலும் அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

எக்ஸ்சேஞ்சில் என்ன சொல்வார்களோ என்று தயங்கியபடி சூப்பர்வைசரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கடுகடுப்பானவர். அவர் ஒரு பழைய ஹெட்செட்டைக் கொடுத்து, வீட்டில் வைத்துப் பழகுங்கள் என்றார். பிறகு, கயிற்றைத் தொடாமல் இன்னொரு ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார விட்டார். பிறகு உள்ளூர் லைன். கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பி வழிந்தது, ஆள் போதவில்லை. டிரங்க் போர்டில் உட்காருகிறேன் என்று நானே கேட்டேன். அன்று பிற்பகல் ஒரு லைன் கரகரவென்று இரைந்தது. கேக்கல, கேக்கல என்று ஒரு பெண் கத்தினாள். நான் இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். மூச்சை மெதுவாக விட்டேன். பஸ் கிடைக்கவில்லை, நாளைக்குத்தான் வருகிறோம், மாட்டுக்குத் தண்ணீர் வைக்க மறக்காதே என்று சொன்னார் தீபத்துக்கு வந்த ஒருவர். அதை வரிக்கு வரி அவர் மனைவிக்குச் சொன்னேன். நடுங்கிக்கொண்டே சொன்னேன்.

வேலூர் அம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவருக்கும் சந்தோஷம். அன்றே தன் கணவருக்கு வடக்கே மாற்றல் ஆகிவிட்டது, அடுத்த மாதம் இங்கே இருக்கமாட்டேன் என்றார். நீங்கள் இல்லாமல் எப்படி என்றேன். இத்தனை நாள் வீட்டில் மூடியைப் போட்டது நானா என்று கேட்டார். பிறகு, அந்த டிரங்க் காலைப் பற்றித் தெரியவேண்டியவர் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்றார். எனக்கு அம்மா நினைவு வந்தது. அவரை மறுபடி நான் பார்க்கவே இல்லை.

தை மாதம் அடி அண்ணாமலைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவள் கை நின்றுவிட்டது. நான் எதிர்பார்த்தது அணைத்துக்கொள்வாள் என்று.

"அப்போ உனக்கு முதல்லயே தெரியும். தெரிஞ்சும் அங்கயே உக்காந்துகினு இருந்தியா?" என்றாள்.

நான் விளக்க முயன்றேன். அவள் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு மாசி முழுக்க என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால் இப்படியும் ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த நாட்களில் இரண்டு முறை மறுபடி அது வந்தது. நின்று பார்த்தேன். இறங்கியது.

பங்குனியில் அம்மா தானாக டவுனுக்கு வந்தாள். வந்ததும், "அந்த ஆளு என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு" என்றாள். அவள் மகனைப் பற்றி அந்த ஊரிலிருந்து சொல்லப்பட்ட கடைசி வார்த்தைகள் அவள் காதுக்கு வரவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். அழுதுகொண்டே, இடையில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். பக்குவமா சொல்லுங்க என்ற இடத்தில் அம்மா என் கையைப் பிடித்தாள். "யாருடி அந்த மனுஷன்? அவர ஒரு வாட்டி நான் பாக்கணும்" என்றாள்.

கோடை விடுமுறையில் நானும் அம்மாவும் மட்டும் பெங்களூருக்குப் போனோம். பட்டறையைக் கண்டுபிடிக்க வெகுநேரம் சுற்றினோம். முதலாளி கைகளில் எண்ணெய்க் கறையோடு வெளியே வந்தார். நாங்கள் யார் என்று தெரிந்ததும் உட்கார இடம் தேடித் தடுமாறினார். அன்று பெங்களூரிலிருந்து பேசியவர் அவர்தான். நடுவில் இருந்து திருப்பிச் சொன்னது நான் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். பட்டறைக்குப் பின்னாலேயே அவர் வீடு. தம்பிக்குச் சாப்பாடு அங்கேதானாம். அவர் மனைவி எங்களுக்குச் சோறு போட்டார்.

அம்மா அங்கே ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அன்னிக்கு காலைல அவன் சாப்ட்டானா?"

சாப்பிட்டான் என்றார் அந்தப் பெண். இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், சாமான் வாங்கிவரக் கடைக்குப் போனான் என்றார்.

அம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. இலையில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். திரும்பும் பஸ்ஸில் கிருஷ்ணகிரி வருவதற்குள் தூங்கிவிட்டாள். செங்கத்தில் பஸ் நின்றபோது, இறங்கித் தண்ணீர் குடிக்கிறாயா என்று எழுப்பிப் பார்த்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி தூங்கினாள்.